பழைய வண்டியில் கம்பெனி ரேடியோவைக் கழற்றியவர்கள் சொல்லுங்கள், என்ன நடந்தது?

தேனி டீசல்:

2003 மாடல் ஐரோப்பிய செடான், டீசல், என்னிடம் வருவதற்கு முன்பே கை மாறிய வண்டி. கம்பெனியிலிருந்தே வந்த ரேடியோ. முகத்தின் நான்கு மூலையிலும் கத்தியால் கீறியது போல் இடுக்கு இருக்குமே, அந்த ரகம். விடிந்தால் பேட்டரி படுத்துக் கிடக்கும். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஆல்டர்னேட்டர் என்றார்கள், அதையும் பார்த்தாயிற்று. ஒருநாள் ராத்திரி பூட்டிவிட்டு நடந்தவன் ஏதோ மறந்து திரும்பி வந்தால், இருட்டுக்குள் ரேடியோ முகம் மட்டும் லேசாகச் சிவந்து தெரிகிறது.

அந்த இடுக்கில் விட்டு ரேடியோவை உருவும் சாவித் தகடு நான்கையும் தெரிந்த கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்தேன். நான்கையும் இடுக்கில் விட்டதும் டக், டக் என்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுத்தேன், வந்துவிட்டது. சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. ரேடியோ பின்னால் வயரோடு என் இரண்டு கையிலும் இருக்கிறது. ரேடியோவின் கூட்டுத் தகடு அப்போதுதான் இறக்கிய பால் சட்டிபோல் சுடுகிறது. பொத்தானை அழுத்தி அணைத்தால் அணைகிறது, இரண்டு நிமிடத்தில் தானாகவே எழுந்து பாடுகிறது. ஆன்டெனா பின் பாதி கழன்ற நிலையில் கோடை பண்பலை 100.5 கரகரவென்று பாட, சின்னப்பிள்ளை அழுவதை நிறுத்தத் தெரியாதவன் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வயர் சொருகியிருக்கும் கப்ளரை உருவினேன், அடங்கியது. இப்போது டேஷ்போர்டில் ஓட்டைதான். பேட்டரிக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

யாருக்காவது இப்படி ஆனதா? சாவி இல்லாமல் அது எப்படி எழுந்தது என்பது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

—

நாலு மூலை:

சாவி இல்லாமல் பாடுவது கோளாறு இல்லை சார். நாலு இடுக்கு வைத்த ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து ரேடியோக்கள் சாவியை எடுத்த பிறகும் பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் வரை பாடும், பிறகு தானே அணையும். வசதிக்காக வைத்தது.

—

தேனி டீசல்:

பொத்தானை அழுத்தினால் பாடும் என்பது தெரியும். நான் அணைத்த பிறகு யார் வந்து அழுத்தினார்கள் என்பதுதான் கேள்வி.

—

வயர்மேன்:

ரேடியோவின் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டீர்கள், எனக்கு ஒப்பவில்லை. அந்த வண்டிகளில் ரேடியோவுக்கு மூன்று விதமாகக் கரன்ட் சமாச்சாரம் போகும். ஒன்று, எப்போதும் இருக்கிற 12 வோல்ட். இரண்டாவது, விளக்குப் போட்டால் முகம் எரிவதற்கானது. மூன்றாவது எஸ்-கான்டாக்ட், அதாவது சாவி துவாரத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் கம்பி. சாவியை உருவினால்தான் அது அடங்கும். இக்னிஷன் சுவிட்சின் பின்புறம் பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி இருக்கும். வயதாகித் தேய்ந்துவிட்டால், சாவி வெளியே வந்த பிறகும் உள்ளே தொட்டும் தொடாமலும் நிற்கும். ரேடியோவைப் பொறுத்தவரை சாவி வருகிறது, போகிறது, வருகிறது. எழுந்து பாடாமல் என்ன செய்யும்?

நீங்கள் ரேடியோவைக் கழற்றியதும் பேட்டரி பிழைத்தது சரி. குடிப்பவனை வெளியே அனுப்பிவிட்டீர்கள், குழாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது. நாளைக்குப் புது செட்டை மாட்டினால் அதுவும் விடிய விடிய முழித்திருக்கும். அப்போது அந்தக் கடைக்காரனைத் திட்டுவீர்கள்.

கேட்காமலே சொல்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். கதவெல்லாம் மூடி, பூட்டி, வண்டியில் உள்ள யூனிட்டெல்லாம் தூங்கும்வரை அரை மணி நேரம் சும்மா இருங்கள். மீட்டர் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் நல்லது. அரை ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாள் தாங்காது. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாக உருவிப் பாருங்கள். எதை உருவினால் மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சந்துதான்.

இதெல்லாம் பார்க்காமல் பேட்டரியை மாற்றச் சொன்னவரை என்னவென்று சொல்வது.

—

சைட் மிரர்:

வயர்மேன் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு ஆத்திரம் வந்துவிட்டது.

என்னுடையது அப்பா வைத்திருந்த வண்டி, கேசட் வைக்கிற செட். முகத்தின் இரண்டு பக்கமும் ரெண்டு ரெண்டாக வட்ட ஓட்டை. யூ வடிவக் கம்பி இரண்டு விட்டால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அந்த அக்சசரீஸ் கடைப் பையனுக்கும் தெரியும். சைக்கிள் போக்ஸ் கம்பியை மடக்கி அழகாகத்தான் உருவினான். அதுவரை குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் சவுண்டு வரவில்லை, கேசட் உள்ளே மாட்டிக்கொண்டது, சரி, புதுசு போடலாம் என்றுதான் போயிருந்தேன்.

செட்டைச் சாய்த்துப் பிடித்தான். பின்னால் பழுப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று, இரண்டு கப்ளர் தெரிந்தது. "தம்பி, இதற்குத் தனியாக ஜோடி சாக்கெட் விற்கிறதாமே" என்று வாயைத் திறக்கிறேன். சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்து நறுக்கென்று கப்ளருக்கு ஒரு விரல் தள்ளி வெட்டிவிட்டான். மொத்தக் கட்டையும் ஒரே வெட்டு. அந்த நறுக் சத்தம் இருக்கிறதே! வெட்டிவிட்டு நிமிர்ந்து, "அக்கா, இதெல்லாம் தேவையில்லை, நேராக முறுக்கி டேப் சுத்திடலாம்" என்கிறான்.

டேப்பும் வெயிலில் பிசின் விட்டுக் கழன்றுவிட்டது. அப்புறம் வேறொரு ஆள் ஒவ்வொரு வயராகப் பிடித்துச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு ஒழுங்கு பண்ணினார். மாட்டிக்கொண்ட கேசட்டை அவரே செட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நாடா முழுக்கச் சுருண்டிருந்தது. அப்பா கையெழுத்து லேபிள் மட்டும் நன்றாக இருக்கிறது. செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், லேபிளை வைத்திருக்கிறேன்.

—

நாலு மூலை:

வெட்டுகிறவர்களைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும். ஒன்று மட்டும். கறுப்புக் கப்ளர் கரன்டுக்கு, பழுப்புக் கப்ளர் ஸ்பீக்கருக்கு, எட்டெட்டுப் பின். ஐ.எஸ்.ஓ. 10487 என்று உலகம் முழுக்க விற்கும் சமாச்சாரம். அதற்குப் பொருந்தும் சாக்கெட் ஒரு சினிமா டிக்கெட் காசுதான். வெட்டவே வேண்டாம்.

மாட்டும்போது ஒரு பார்வை பாருங்கள். கரன்ட் கப்ளரில் நாலாவது பின் நிரந்தர 12 வோல்ட், ஏழாவது சாவி போட்டால் வருவது. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துப் பழைய வண்டிகளில் இது இரண்டும் இடம் மாறியிருக்கும். அதனால்தான் பல சாக்கெட்டில் மஞ்சள், சிவப்பு வயருக்கு நடுவே பிரித்து மாற்றி மாட்டும்படி புல்லட் கிளிப் வைத்திருக்கிறார்கள். சாவியை அணைக்கும்போதெல்லாம் புது செட் நேரத்தையும் ஸ்டேஷனையும் மறக்கிறதா? அந்த இரண்டையும் மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. அதே குடும்பத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒர்க்ஷாப்பில் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் வண்டியோடு பேசும் கே-லைன் கம்பி ரேடியோ கப்ளருக்கும் வந்துபோகும். வெளிச்சந்தை செட் அந்தப் பின்னில் 12 வோல்டைத் தள்ளினால் ஸ்கேனர் பேசாது, கன்ட்ரோல் யூனிட்டுக்கே ஆபத்து. அந்த ஒரு வயரை மட்டும் சாக்கெட்டிலிருந்து உருவி முனைக்கு டேப் போட்டுவிடுங்கள்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், அதை யாரும் சொல்லவில்லை.

—

வயர்மேன்:

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. திருட்டைத் தடுக்க ரேடியோவுக்கு வைத்திருக்கும் ரகசிய எண், அந்தக் கோட் கையில் இல்லாமல் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ SAFE என்று காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இரண்டு தடவை தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் பூட்டு, அதுவும் கரன்ட் கொடுத்து வைத்தால்தான் அந்த மணி ஓடும்.

—

நாலு மூலை:

கழற்றித் தூக்கிப் போடப்போகும் ரேடியோவுக்குக் கோட் எதற்கு? கப்ளரை உருவினாலும் அதே பூட்டுதானே விழும்?

—

வயர்மேன்:

தூக்கிப் போடுகிறவர்களுக்குச் சரி. ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். செட் வெளியே வந்ததும் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், அதை வைத்துத்தான் கோட் கேட்க முடியும். கை மாறி வந்த வண்டியில் கோட் அட்டை இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

—

யாழ் 121:

எங்கட பக்கம் கதை வேறு. ஜப்பானில் ஓடின வாகனங்கள்தான் இஞ்சை கூட. என்னுடையது டொயோட்டா 121 கரோலா. அதில் கோட்டும் இல்லை, சாவித் தகடும் இல்லை. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பேனலைக் கிளிப்பில் இருந்து மெதுவாக நெம்பினால், பக்கத்துக்கு இரண்டாக 10 மில்லிமீற்றர் போல்ட் நாலு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கால ஜப்பான் ரேடியோவில் எப்.எம். 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். எங்கட நிலையங்கள் 88-க்கும் 108-க்கும் இடையில். அதனால் இறக்குமதி செய்தவர்கள் ஆன்டெனா வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் போட்டிருப்பார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால் 103-இல் இருக்கிற நிலையம் 83 என்று காட்டும். அம்மாவுக்கு நிலையம் கண்டுபிடித்துக் கொடுக்க ஒவ்வொரு முறையும் கழித்தல் கணக்குச் செய்ய வேண்டும். பெட்டி பழுதாகிக் கரகரக்கத் தொடங்கியது, சீடியும் வாசிக்கவில்லை, கழற்றினேன்.

செட்டை மேசையில் வைத்து மூடியைத் திறந்தால், மினிடிஸ்க் என்கிற சின்னப் பாட்டுத் தட்டுப் போடுகிற வாய்க்குள் ஒரு தட்டு அப்படியே இருந்தது. வாங்கின நாள் தொட்டு அந்த வாயை நான் பாவிக்கவே இல்லை. வெளியில் எடுத்தால் நீல நிறத் தட்டு, அதன் லேபிளில் பேனையால் ஜப்பான் எழுத்தில் ஏதோ எழுதி, கடைசியில் ஒரு சின்னப் பூனை முகம் கீறியிருக்கு. அதைக் கேட்க என்னிடம் கருவி இல்லை, யாழ்ப்பாணத்தில் யாரிடம் இருக்கும் என்றும் தெரியாது. எங்கேயோ ஒரு ஆள் வேலைக்குப் போகும்போது கேட்டது. வாகனத்தைக் கொடுக்கும்போது எடுக்க மறந்தாரா, இல்லை வேண்டாம் என்று விட்டாரா?

பின்குறிப்பு: இந்த வாகனங்களில் செட் முகம் 200 மில்லிமீற்றர் அகலம். இரட்டை டின் என்று கடையில் விற்கிற பொது அளவுச் செட் 180. புதுச் செட் போட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், அதற்கான பக்கச் சட்டத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

—

மைனர்காரன்:

எல்லோரும் கப்ளர், கோட் என்கிறீர்கள். எங்கள் சித்தப்பா வீட்டு மாரிஸ் மைனரில் நடந்ததைக் கேளுங்கள். குமிழ் இரண்டு வைத்த ரேடியோ, இடது பக்கம் சத்தம், வலது பக்கம் ஸ்டேஷன். பல வருஷமாகப் பேச்சில்லை. குமிழை இழுத்தால் வரும், உள்ளே நட்டு, அதைக் கழற்றினால் முகத்தகடு வரும். அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் இழுத்து டேஷ்போர்டை விரிசல் விடுகிறார்கள். பின்னால் கீழிருந்து ஒரு இரும்புப் பட்டை தாங்கிக்கொண்டிருக்கும், அதன் போல்ட்டைத் தலைகீழாகப் படுத்துத்தான் கழற்ற வேண்டும். நான் படுத்தேன். மூஞ்சி முழுக்கத் துரு.

அது பெரிய விஷயமில்லை. ஊர் மெக்கானிக் புதுச் செட்டோடு வந்து நின்றார். மைனரில் பாசிட்டிவ்தான் பாடி எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய செட்டின் இரும்புக் கூடு, ஆன்டெனா உறை, இரண்டுமே நெகட்டிவ். கறுப்பு வயரை வழக்கம்போல் பாடியில் முறுக்கி, செட்டை உள்ளே தள்ளப்போகிறார். சித்தப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூடத் தூக்காமல், "பாசிட்டிவ் எர்த்துப்பா அது, சிவப்பை எங்கே கொடுக்கப் போறே?" என்றார். மெக்கானிக் கை அப்படியே நின்றுவிட்டது. எண்பது வயது மனிதர், காது சரியாகக் கேட்காது. உள்ளே என்ன செய்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

புதுச் செட் போடவில்லை. பழைய கூட்டையே சுத்தம் பண்ணி வெறும் அழகுக்குத் திரும்ப மாட்டியிருக்கிறோம்.

—

சைட் மிரர்:

மைனர்காரன் சார், அந்தக் கூட்டுக்குள்ளேயே சின்ன ப்ளூடூத் ஆம்பிளிஃபயரை வைக்கலாமே? பாடியில் படாமல் இன்சுலேட் செய்துவிட்டால் எர்த் தகராறு வராது.

—

மைனர்காரன்:

சித்தப்பா விடமாட்டார் அம்மா.

—

புதுசு ஒன்பது:

நானும் இப்போது டேஷ்போர்டு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். 2006 ஹேட்ச்பேக். நீங்கள் சொல்கிற இடுக்கும் இல்லை, வட்ட ஓட்டையும் இல்லை. செட்டும் ஏசி துவாரமும் ஒரே பிளாஸ்டிக்கில் இருக்கிறது. எதை நெம்புவது?

—

நாலு மூலை:

அப்படியானால் சாவி தேட வேண்டாம். ஏசி துவாரத்தோடு இருக்கும் அந்தச் சட்டம்தான் கிளிப்பில் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்புகோல் இருந்தால் அது, இல்லையென்றால் பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றி, கீழ் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பாதீர்கள், அடையாளம் விழும். முன்னால் வந்ததும் இழுத்துவிடாதீர்கள், ஹசார்ட் சுவிட்ச் கப்ளர் பின்னாலேயே வரும், அதை அமுக்கி உருவுங்கள். செட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ அதற்குப் பின்னால் தெரியும். கியரைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டால் சட்டம் வெளியே வர இடம் கிடைக்கும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறீர்கள்தானே?

—

புதுசு ஒன்பது:

போட்டிருக்கிறேன். சட்டம் வந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூ தலை வழுக்கிவிட்டது, இதற்கு என்ன செய்வது?

—

வயர்மேன்:

சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, ஸ்க்ரூ தலைக்கும் டிரைவர் முனைக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்தித் திருப்புங்கள். முடியாவிட்டால் சும்மா குடைந்துகொண்டிருக்காமல் அப்படியே விட்டுவிட்டு நாளைக்குக் கடைக்கு வாருங்கள், இருட்டில் வேண்டாம்.