ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல், க்ளாக்: போலீஸ் கைத்துப்பாக்கியில எது எப்படி?

வடசென்னை_கதிர்

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுறேன். நாலஞ்சு பேர் சேர்ந்து எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறோம். பந்தோபஸ்துல நிக்கிற அதிகாரிங்க இடுப்புல பார்த்தா ஒருத்தர்கிட்ட தோல் உறையில ரிவால்வர், இன்னொருத்தர்கிட்ட முழு இரும்பு பிஸ்டல், வேற ஒருத்தர்கிட்ட பிளாஸ்டிக் பிடி போட்ட க்ளாக். இதுல எது மேல்னு எங்களுக்குள்ள தினமும் வாக்குவாதம்.

ஆறே குண்டு போற ரிவால்வரை இன்னும் ஏன் விடாம வச்சிருக்காங்க? க்ளாக்குல சேஃப்டி லாக்கே கிடையாதுன்னு ஒருத்தன் சொல்றான், நிஜமா? அப்புறம் எண்ணூர், காசிமேடு மாதிரி கடலோர ஸ்டேஷன்ல உப்புக்காத்துக்கு எது தாங்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்லைடுலாக்

தம்பி, எதுக்கு பவர் அதிகம்னு பார்க்குறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பாருங்க. உறையில இருக்கும்போது துப்பாக்கி எந்த நிலையில இருக்கு? வெளிய எடுத்து முதல் குண்டு போக கை என்னென்ன வேலை செய்யணும்? மூணும் பிரியிற இடம் அதுதான்.

ரிவால்வர்ல பழசு வெப்லி, என்ஃபீல்டு வகை. .38 அளவு, ஆறு ரவுண்டு, காலியா முக்கால் கிலோ சொச்சம். நடுவுல மடக்கித் திறக்குற அமைப்பு. திறந்த உடனே எக்ஸ்ட்ராக்டர்ங்கிற தள்ளி, சுட்ட தோட்டாவோட ஆறு கூட்டையும் ஒண்ணாத் தூக்கி விட்டுடும். கான்பூர்ல செய்யிற .32 ரிவால்வரும் இதே வெப்லி வழிதான். எடுத்தாச்சு, டிரிகரை அழுத்தினா போதும், வேற வேலை இல்ல. ஒரு தோட்டா வெடிக்கலைன்னா மறுபடி அழுத்தினா சிலிண்டர் சுத்தி அடுத்தது வந்துடும். மாசக்கணக்குல சுடாம உறையிலேயே கிடக்குற ஆயுதத்துக்கு இது பெரிய பலம். அதனாலதான் அதை ஒதுக்கிடல.

பலவீனம் டிரிகர்ல இருக்கு. டபுள் ஆக்ஷன்ல, அதாவது டிரிகரே ஹேமரை (தோட்டாவை அடிக்கிற சுத்தியலை) பின்னுக்கு இழுத்து விடும்போது, 5 கிலோவுக்கு மேல இழுக்கணும். பழக்கம் இல்லாத விரல் இழுக்கும்போது மொத்த மணிக்கட்டும் கீழ சாயும், குண்டு இலக்குக்குக் கீழே போகும். ஹேமரைக் கட்டைவிரலால பின்னுக்கு இழுத்துட்டுச் சுட்டா டிரிகர் லேசாயிடும். ஆனா பதற்றமான நேரத்துல, ஆளை நோக்கி நிக்கும்போது, அந்த லேசான டிரிகரே ஆபத்து. ஆறும் தீர்ந்தா ஒவ்வொண்ணா நிரப்பணும், ஓடிக்கிட்டே அதைச் செய்யிறது ரொம்பக் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கங்க. .38 ஸ்பெஷல் வேற, வெப்லிக்குப் போற .38 வேற. கூட்டோட நீளமும் விட்டமும் மாறும். பெயர்ல 38 இருக்குன்னு ஒண்ணுக்கு இன்னொண்ணைக் கொடுக்கக் கூடாது. பெட்டி மேல உள்ள எழுத்தைப் படிச்சுட்டுத்தான் தோட்டாவை வழங்கணும்.

அடுத்தது முழு இரும்பு பிஸ்டல், 9 மி.மீ. 1ஏ. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி தயாரிப்பு. 1935-ல வந்த பிரௌனிங் ஹை-பவரோட வடிவம். மேகசின்ல (பிடிக்குள்ள செருகுற தோட்டாப் பெட்டியில) 13 ரவுண்டு, காலியா 900 கிராம் அளவு எடை. இது சிங்கிள் ஆக்ஷன். அதாவது டிரிகர் ஹேமரை விடுவிக்கும், பின்னுக்கு இழுக்காது. சேம்பர் (சுடப்போற ரவுண்டு உட்கார்ற அறை) காலியா, மேகசின் மட்டும் உள்ள இருக்குற நிலையில எடுத்தா, ஸ்லைடை (மேல முன்னும் பின்னும் நகர்ற பகுதியை) இழுத்து விட்ட பிறகுதான் சுட முடியும். அதுக்கு ரெண்டு கை வேணும். ஒரு கையில லத்தியோ, வாக்கி டாக்கியோ, பிடிச்ச ஆளோ இருந்தா முடியாது. அதை விட்டா சேம்பர்ல ரவுண்டு போட்டு, ஹேமர் பின்னுக்கு இருக்க, இடது பக்க சேஃப்டியை மேல தள்ளி வைக்கணும். பழைய மாடல்ல அந்தச் சேஃப்டி நெம்புகோல் ரொம்பச் சின்னது. வேர்வைக் கையில கட்டைவிரல் வழுக்கும். நல்லாப் பழகினவங்க கையில இது அருமையான பிஸ்டல். பிடி கைக்குள்ள பொருந்தி உட்காரும், எடை இருக்கிறதால உதைப்பும் கம்மி.

க்ளாக் 17-க்கு வருவோம். ஆஸ்திரிய ராணுவம் 1982-ல எடுத்துக்கிட்டது. மேகசின்ல 17 ரவுண்டு, காலியா 630 கிராம் அளவு. க்ளாக் 19 அதுல சின்னது, 15 ரவுண்டு. நம்ம என்.எஸ்.ஜி. (தேசியப் பாதுகாப்புப் படை) கமாண்டோ கையிலயும் க்ளாக் 17 உண்டு. உங்க நண்பர் சொன்னது பாதி சரி. கட்டைவிரலால தள்ளுற சேஃப்டி இதுல கிடையாது. ஆனா உள்ளுக்குள்ள மூணு தடுப்பு இருக்கு. டிரிகர் நடுவுல ஒரு சின்ன நாக்கு, அதை அழுத்தாம டிரிகர் பின்னால வராது. ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்துற ஊசியை) மறிக்கிற ஒரு முளை. கீழ விழுந்தா அடிக்காம இருக்க ஒரு தடுப்பு. டிரிகர் எடை இரண்டரை கிலோ அளவு, எல்லா ரவுண்டுக்கும் ஒரே மாதிரி. சேம்பர்ல ரவுண்டு ஏத்தி வச்சிருந்தா, எடுத்தா சுடலாம், ரிவால்வர் மாதிரியே.

அந்த மூணு தடுப்பும் விரலோ துணியோ டிரிகரை அழுத்தாத வரைக்கும்தான். சட்டை நுனி, தளர்ந்துபோன உறையோட மடிப்பு, ஜாக்கெட் கயிறு, எது டிரிகர் கார்டுக்குள்ள (டிரிகரைச் சுத்தின வளையத்துக்குள்ள) நுழைஞ்சாலும் உறையில சொருகும்போதே வெடிக்கும். அதனால க்ளாக்குக்கு டிரிகரை முழுசா மூடுற கெட்டியான உறைதான் போடணும். ரிவால்வருக்குத் தச்ச பழைய தோல் பையில அதைத் திணிக்கிறது பெரிய தப்பு. நியூயார்க் போலீஸ் 1993-ல ரிவால்வரை விட்டு 9 மி.மீ.-க்கு மாறினப்போ, அங்க க்ளாக்குக்கு டிரிகர் எடையை 5 கிலோ சொச்சத்துக்கு ஏத்தினதும் தவறுதலா வெடிக்கிறதைப் பயந்துதான். அதுக்கு விலையும் இருக்கு. டிரிகர் கனமாக ஆகக் குறி சிதறும்.

பெரெட்டா 92, சிக் பி226 ரெண்டும் 15 ரவுண்டு. முதல் ரவுண்டுக்கு டிரிகர் கனம், அடுத்ததுலேருந்து லேசு. இந்த மாற்றத்துக்கு விரலைப் பழக்கத் தனியாப் பயிற்சி வேணும். நம்ம ஸ்டேஷன் அளவுல அதிகம் பார்க்க மாட்டீங்க.

இப்ப பவர். 9 மி.மீ. குண்டு 7.5லேருந்து 8 கிராம், விநாடிக்கு 350 மீட்டருக்கு மேல, சுமார் 500 ஜூல். வெப்லி .38 குண்டு 11.5 கிராம் கனம், ஆனா விநாடிக்கு 190 மீட்டர்தான், 200 ஜூல் சொச்சம். .32 அதுக்கும் கீழ. 9 மி.மீ.-க்கு இன்னொரு வசதி, கார்பைனும் (குட்டையான நீள்துப்பாக்கி) அதே தோட்டாதான். ஸ்டோர்ல ஒரே வகை வச்சா ரெண்டுக்கும் ஆகும்.

ஆனா வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி நெருக்கமான தெருவுல அந்த 500 ஜூலே கவலை. முழு உலோக உறை போட்ட குண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் பிளைவுட் கதவையும் சுலபமா துளைச்சுப் பின்னால இருக்கறவங்ககிட்டப் போகும். சிமென்ட் தரையில சாய்வாப் பட்டா தெறிச்சு வேற பக்கம் பாயும். குறி பார்க்கும்போதே இலக்குக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்கணும்னு சொல்லித்தர்றது இதுக்காகத்தான்.

எண்ணூர்_காத்து

உப்புக்காத்துக் கேள்விக்கு நான் வர்றேன். க்ளாக்கோட ஸ்லைடும் பேரலும் நைட்ரஜன் ஏத்திக் கெட்டிப்படுத்தின இரும்பு, பிடி பாலிமர். துரு சுலபமாப் பிடிக்காது. 1ஏ, ரிவால்வர் ரெண்டுலயும் மேல்பூச்சு மெல்லிசு. உறையில உரசி உரசிப் பேரல் முனையிலயும் சிலிண்டர் ஓரத்துலயும் வெள்ளையாத் தேய்ஞ்சிருக்கும். துரு அங்கதான் முதல்ல ஆரம்பிக்கும்.

உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெயில் அடிச்சாலும் இரும்பு மேல ஈரம் காயாது. அதுக்கு மேல அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்து நிலக்கரித் தூள். எண்ணெயை அதிகமாப் பூசினா இந்தத் தூளெல்லாம் ஒட்டி மை மாதிரி ஆகி ஸ்லைடு தடத்தை இறுக்கிடும். எண்ணெயே போடலைன்னா துரு. டியூட்டி முடிஞ்சதும் காய்ஞ்ச ஃப்ளானல் துணியால வேர்வையைத் துடைச்சு, அப்புறம் எண்ணெய் தொட்ட துணியால ஒரு தடவை. விரல் வச்சுப் பார்த்தா மினுமினுப்பு ஒட்டணும், சொட்டக் கூடாது.

ராத்திரி தோல் உறையிலேயே வச்சுப் பூட்டக் கூடாது. பதனிட்ட தோல்ல இருக்குற ரசாயனமும் அது உறிஞ்சின வேர்வையும் இரும்பை அரிக்கும். இதைவிட மோசம் பெல்ட்டுல தோட்டா செருகுற தோல் வளையம். பித்தளைக் கூடு அங்க பச்சை பிடிக்கும். அந்தப் பச்சைக் களிம்பு ஏறின தோட்டா ரிவால்வர் சேம்பர்ல பாதியில நின்னுடும், சிலிண்டர் மூடாது. கட்டைவிரலால அழுத்தித் திணிச்சாலும் சுட்ட பிறகு கூடு வெளிய வராது. வாரம் ஒரு தடவை வளையத்துலேருந்து உருவிக் காய்ஞ்ச துணியால துடைக்கணும். தோட்டாவுல எண்ணெய் படவே கூடாது. பிரைமர் (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற குமிழ்) ஓரமா எண்ணெய் கசிஞ்சா மருந்து செத்துப்போகும்.

பேரலை முடிஞ்ச வரைக்கும் பின்பக்கத்துலேருந்து சுத்தம் பண்ணுங்க. முனைப்பக்கம் கம்பி உரசித் தேய்ஞ்சா குறி கெடும். க்ளாக்குல ஸ்லைடு ஓடுற தடங்கள்ல தடத்துக்கு ஒரு சொட்டு, டிரிகர் இழுப்பைப் பின்னால கடத்துற உள்பாகங்களான டிரிகர் பாரும் கனெக்டரும் சேர்ற மூலையில ஒரு சொட்டு. ஃபயரிங் பின் ஓடுற குழிக்குள்ள சொட்டுகூட வேண்டாம், அங்க அழுக்கு சேர்ந்தா அடி மெலிஞ்சு மிஸ்ஃபயர் ஆகும். ரிவால்வர்ல எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில பழைய பிரஷ்ஷால துடைக்கணும். எரியாத மருந்துத் துகள் நாலு அங்க உட்கார்ந்தாலே சிலிண்டர் இறுகி டிரிகர் நகராது. அதைத் தவிர்க்கத்தான் கூட்டைத் தள்ளும்போது முனை மேல பார்த்து இருக்கணும்னு சொல்றது.

மேகசினுக்கு நம்பர் போட்டு வைங்க. அடிக்கடி திக்குறது எதுன்னு அப்பதான் தெரியும். பெரும்பாலும் கீழ போட்டு வாய் வளைஞ்சதாத்தான் இருக்கும். பிஸ்டலைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

வடசென்னை_கதிர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. இன்னொண்ணு. மேகசினைக் கழட்டிட்டா பிஸ்டல் பத்திரம்தானே? எங்க குரூப்புல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

ஸ்லைடுலாக்

இல்ல தம்பி. உயிர் போற தப்பு இது. மேகசினைக் கழட்டினாலும் சேம்பர்ல ஏறின ரவுண்டு அங்கயேதான் இருக்கும்.

வரிசையை மனசுல பதிச்சுக்கங்க. முனை மணல் பெட்டியைப் பார்த்து, விரல் டிரிகர் கார்டுக்கு வெளிய. முதல்ல மேகசினைக் கழட்டிப் பையில போடணும். அப்புறம்தான் ஸ்லைடை முழுசா இழுக்கணும், ஏறியிருந்த ரவுண்டு வெளிய விழும். ஸ்லைடைப் பின்னாலயே நிறுத்தி சேம்பரைக் கண்ணால பார்க்கணும், சுண்டுவிரலை விட்டுத் தடவணும். இருட்டுல விரல்தான் கண்ணு. பக்கத்துல நிக்கிறவரும் பார்த்து ‘காலி’ன்னு சொல்லணும். இதுல முதல் ரெண்டை மாத்திட்டா, அதாவது மேகசின் உள்ள இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துட்டா, ஒரு ரவுண்டு வெளிய விழும், விட்ட உடனே அடுத்தது ஏறிடும். கண்ணு முன்னாடி ஒண்ணு விழுந்ததால காலியாச்சுன்னு மனசு நம்பிடும். தவறுதலா வெடிக்கிறதுல இது ரொம்ப வழக்கமான வழி.

ஹை-பவர் வடிவத்துல இன்னொரு சிக்கல். மேகசின் இல்லாட்டி டிரிகர் வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு உண்டு. அதனால ஹேமரை இறக்க காலி மேகசினை உள்ள போட வேண்டி வரும். அந்த நேரத்துல கை மறதியா நிரப்பின மேகசினைப் போட்டு ஸ்லைடையும் இழுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. காலி மேகசினைத் தனி நிறத்துல, தனி இடத்துல வைக்கச் சொல்றது இதுக்குத்தான். க்ளாக்குலயும் பிரிக்கிறதுக்கு முன்னாடி டிரிகரை அழுத்தியே ஆகணும். சேம்பரைப் பார்க்காம அழுத்தினா அவ்வளவுதான்.

தடயம்

சட்டம், தடயம் பக்கமும் தேர்வுக்கு உதவும்னு சேர்க்கிறேன். பிஸ்டல் சுட்ட ஒவ்வொரு கூட்டையும் வெளிய எறியும். ரிவால்வர் கூட்டைத் தனக்குள்ளயே வச்சிருக்கும். சம்பவ இடத்துல கூடு கிடைக்கலைன்னா அது ரிவால்வரா இருக்கலாம், இல்ல யாரோ பொறுக்கியிருக்கலாம், ரெண்டையும் எழுதணும். க்ளாக் அடிச்ச பிரைமர்ல ஃபயரிங் பின் தடம் நீள்வட்டமா, பக்கத்துல செவ்வகக் கீறலோட இருக்கும். 1ஏ-யில வட்டம். கூட்டைக் கையால எடுக்காம, ஒவ்வொண்ணையும் தனித்தனி உறையில போட்டு, கிடந்த இடத்தை வரைபடத்துல குறிக்கணும். கூடு விழுந்த இடத்தை மட்டும் வச்சுச் சுட்டவர் நின்ன இடத்தை முடிவு பண்ணக் கூடாது, தார் ரோட்டுல அது குதிச்சு உருளும்.

போலீஸ் சுட்டு மரணம் நடந்தா, பி.யு.சி.எல். (மனித உரிமை அமைப்பு) எதிர் மகாராஷ்டிர அரசு வழக்குல உச்ச நீதிமன்றம் 2014-ல கொடுத்த நெறிமுறைதான் அடிப்படை. எஃப்.ஐ.ஆர். பதியணும், சுதந்திரமான விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை ரெண்டும் நடக்கணும், சம்பந்தப்பட்ட அதிகாரி தன் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்கணும். ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சுத்தம் பண்ணக் கூடாது. ஆயுத எண், வழங்கின ரவுண்டு, மீதி ரவுண்டு மூணும் பதிவேட்டோட பொருந்தணும். கைதை எதிர்க்கிறார்ங்கிறதுக்காக மட்டும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கிற குற்றம் சாட்டப்படாத ஒருத்தரோட உயிரை எடுக்கச் சட்டம் அனுமதிக்கல.

கொருக்குப்பேட்டை_மீனா

அண்ணா, நானும் இதே தேர்வுக்குத்தான் படிக்கிறேன். என் கை சின்னது. ஸ்லைடை இழுக்க முடியுமான்னு பயமா இருக்கு.

ஸ்லைடுலாக்

பயப்படாதீங்கம்மா, அது பலத்தைவிடப் பிடியைப் பொறுத்தது. ரெண்டு விரலால ஸ்லைடோட வாலைக் கிள்ளி இழுக்கப் பார்த்தா யாருக்கும் கஷ்டம்தான். இடது உள்ளங்கையை ஸ்லைடு மேல கவிழ்த்து, நாலு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கை மேடு மறுபக்கம் வச்சு இறுக்கிப் பிடிங்க. கூடு வெளிய வர்ற வாயை மறைக்காதீங்க. பிஸ்டலை நெஞ்சுப் பக்கம் கொண்டு வந்து, முனையை முன்னால இலக்குப் பக்கமே வச்சு, இடது கையைப் பின்னுக்கு இழுக்கும்போதே வலது கையை முன்னுக்குத் தள்ளுங்க. ஸ்லைடு கடைசி வரைக்கும் வந்ததும் சட்டுனு விட்டுடணும். கையோட சேர்த்து மெதுவா முன்னால கொண்டு போனா ரவுண்டு பாதியில நிக்கும். 1ஏ-யில ஹேமரை முதல்ல பின்னுக்கு இழுத்துட்டு ஸ்லைடை இழுத்தா இன்னும் லேசா வரும்.