கல்லோட அடர்த்தி 3.19 வருது, சரியா?

[மாலை 6:12] இனியா: அத்தை, கல்லோட அடர்த்தி கண்டுபிடிக்கணும். எனக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு (க.செ.மீ.) 3.19 கிராம்னு வருது. அதே மாதிரி கல்லுக்கு மத்தவங்களுக்கெல்லாம் 2.6, 2.7தான். வகுத்ததை மூணு தடவை சரிபார்த்துட்டேன்.

[மாலை 6:12] இனியா: நிறை 83 கிராம். அளவு ஜாடியில தண்ணி முதல்ல 64, கல்லு போட்டதும் 90. வித்தியாசம் 26 மி.லி., அதாவது 26 க.செ.மீ., அதுதான் கல்லோட பருமன். நிறையைப் பருமனால வகுத்தா 83 ÷ 26 = 3.19

[மாலை 6:15] அத்தை: வகுத்தது சரிதான் இனியா. அளந்ததுலதான் எங்கயோ தப்பு. ரெண்டு விஷயம் சொல்லு. முதல்ல எடை போட்டியா, முதல்ல தண்ணியில போட்டியா? 64ங்கறதை நின்னுக்கிட்டுப் பார்த்தியா, குனிஞ்சு பார்த்தியா?

[மாலை 6:17] இனியா: முதல்ல தண்ணியில போட்டேன். அப்புறம் எடுத்து எடை போட்டேன். 64 நின்னுக்கிட்டுப் பார்த்தது. 90 சரியாத் தெரியலன்னு குனிஞ்சு பார்த்தேன்.

[மாலை 6:18] சித்தப்பா: ரெண்டு தப்பும் அதுலயே இருக்கு.

[மாலை 6:24] அத்தை: முதல் தப்பு சின்னது. நனைஞ்ச கல்லு மேல ஒட்டியிருக்கிற தண்ணியும் தராசுல ஏறிடும். கல்லை நல்லாத் துடைச்சு, காயவெச்சு, முதல்ல நிறை. அப்புறம்தான் தண்ணி. இந்த வரிசையை மாத்தக் கூடாது.

ரெண்டாவதுதான் பெரிய தப்பு. ஜாடியில கோடு போட்டிருக்கிறது உன் பக்கத்துக் கண்ணாடியில. தண்ணி மட்டத்தோட நடு, அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ரெண்டு செ.மீ. தள்ளி இருக்கு. மேல இருந்து சாய்வாப் பார்த்தா, உன் பார்வை உயரமான ஒரு கோட்டு வழியாத்தான் தண்ணிக்குப் போகும். அதனால மட்டம் இருக்கிறதைவிடக் கூடுதலாத் தெரியும். கீழ இருந்து பார்த்தா குறைவாத் தெரியும். உன் புத்தகத்துல இடமாறு தோற்றப்பிழைன்னு இருக்கும் பாரு, அதுதான்.

[மாலை 6:26] இனியா: அப்போ ரெண்டையும் நின்னுக்கிட்டே பார்த்திருந்தா?

[மாலை 6:28] அத்தை: நல்ல கேள்வி. ரெண்டும் ஒரே சாய்வுல இருந்தா பிழை பெரும்பாலும் கழிஞ்சு போயிடும், ஏன்னா உனக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான். ஆனா மட்டம் ஏறினா சாய்வும் மாறும். அதை நம்பாதே. ஜாடியை மேசை மேலயே விட்டுட்டு, நீ மண்டி போட்டுக் கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டு வா. ஜாடியைக் கையில தூக்கிக் கண்ணுக்கு நேரா பிடிக்காதே, அது சாயும்.

[மாலை 6:29] சித்தப்பா: தண்ணி ஓரத்துல கண்ணாடியில ஏறி, நடுவுல குழிஞ்சு பிறை மாதிரி நிக்கும். குழியோட அடியைப் படிக்கணும். பின்னாடி ஒரு வெள்ளைத்தாள் வெச்சு, அதுல பாதிக்குக் கீழ கறுப்புப் பட்டை ஒட்டு. பட்டையோட மேல் ஓரம் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருந்தா, குழியோட அடி கறுப்புக்கோடு மாதிரி பளிச்சுன்னு தெரியும்.

[மாலை 6:31] அம்மா: அண்ணி, கல்லை மேல இருந்து டொப்புன்னு போட்டா. தண்ணி வேற தெறிச்சுது. அதுவும் கணக்குல வருமா?

[மாலை 6:34] அத்தை: கண்டிப்பா வரும். வெளிய தெறிச்சது, சுவத்துல துளியா ஒட்டினது எல்லாம் மட்டத்துல இல்லாம போகுது. பருமன் குறைஞ்சு தெரியும், அடர்த்தி கூடிடும். கண்ணாடி ஜாடியா இருந்தா அடியில விரிசலும் விடலாம். கல்லை மெல்லிசு நூல்ல கட்டி, ஜாடியைக் கொஞ்சம் சாய்ச்சு, சுவரை ஒட்டி மெதுவா இறக்கச் சொல்லு. முழுசா முங்கணும்.

[மாலை 6:52] இனியா: மறுபடி செஞ்சேன். துடைச்சு எடை போட்டா 81. தண்ணி 60, கல்லோட 90. 81 ÷ 30 = 2.7 வந்துடுச்சு!!

[மாலை 6:53] அத்தை: அருமை. பாரு, நிறையில 2 கிராம்தான் மாறிச்சு, பருமன்ல 4 மி.லி. மாறிச்சு. அடர்த்திக் கணக்குல நிறை அளக்கிறது சுலபம், பருமன்தான் ஏமாத்தும். எப்பவும் முதல்ல அதைச் சந்தேகப்படு.

[மாலை 6:55] இனியா: கால்குலேட்டர்ல இன்னொரு கணக்குக்கு 2.7241379ன்னு வந்துச்சு. அப்படியே எழுதவா?

[மாலை 6:59] சித்தப்பா: வேண்டாம். உன் ஜாடியில ரெண்டு கோட்டுக்கு நடுவுல எத்தனை மி.லி.? படத்துல 2 மி.லி. மாதிரி தெரியுது. அதுதான் அதோட மீச்சிற்றளவு. ஒரு தடவை படிக்கும்போது 1 மி.லி. அப்படி இப்படி இருக்கலாம். ரெண்டு தடவை படிக்கிறே, மோசமாப் போனா 2 மி.லி. தப்பு சேரும். உன் 30ங்கறது 28ஆவும் இருக்கலாம், 32ஆவும் இருக்கலாம்.

81 ÷ 28 = 2.89
81 ÷ 32 = 2.53

இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மூணாவது தசமத்துக்கு என்ன அர்த்தம்? 2.7ன்னு எழுது, போதும்.

[மாலை 7:03] இனியா: சரி சித்தப்பா. அடுத்தது போல்ட். ஒரு போல்ட் 12 கிராம். ஜாடியில போட்டா மட்டம் நகரவே மாட்டேங்குது.

[மாலை 7:06] சித்தப்பா: அதோட பருமன் ஒன்றரை மி.லி.தான் இருக்கும். உன் ஜாடியில ஒரு கோட்டுக்கும் குறைவு. ஒண்ணை அளக்காதே. ஒரே மாதிரி 20 போல்ட்டைச் சேர்த்து எடை போட்டு, சேர்த்தே தண்ணியில இறக்கு. அடர்த்தி காண 20ஆல வகுக்க வேண்டியதில்லை, மொத்த நிறையை மொத்தப் பருமனால வகுத்தா அதே விடைதான்.

[மாலை 7:07] சித்தப்பா: மரையில காத்துக்குமிழி மாட்டிக்கும், விட்டுடாதே. குமிழியும் இடத்தை அடைக்கிறதால பருமன் கூடும், அடர்த்தி குறையும். தண்ணியில முன்னாடியே ஒரு துளி சோப்புத்திரவம் விட்டு, நுரை வராம கலக்கிக்கோ. போல்ட்டு இறங்கினதும் ஜாடியை மெதுவா தட்டு, குமிழி மேல வந்துடும்.

[மாலை 7:28] இனியா: 236 கிராம். 100 → 130. 7.87 ≈ 7.9

[மாலை 7:29] சித்தப்பா: எஃகு 7.85 கிட்ட வரணும். உன் அளவு பொருந்துது.

[மாலை 7:31] தாத்தா: எஃகு தண்ணியைவிட ஏழெட்டு மடங்குன்னா கப்பல் எப்படி மிதக்குதுன்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?

[மாலை 7:35] அத்தை: சொல்றேன் அப்பா. இனியா, கப்பல்னா எஃகு மட்டும் இல்லை, உள்ள இருக்கிற காத்தும் சேர்த்துத்தான். மொத்த நிறையை மொத்தப் பருமனால வகுத்தா 1க்குக் கீழ வரும். அலுமினியத் தாளை வெச்சுப் பார்க்கலாம். படகு மாதிரி மடிச்சா மிதக்கும். கையால கசக்கி உருண்டையாக்கினாலும் மிதக்கும், அதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. உருண்டைக்குள்ள காத்து அடைபட்டிருக்கு. சுத்தியலால தட்டித் தட்டி இறுக்கு, முங்கிடும். அலுமினியம் 2.70.

[மாலை 7:36] இனியா: கல்லும் 2.7, அலுமினியமும் 2.7ஆ!

[மாலை 7:37] அத்தை: ஆமா. அதனால அடர்த்தியை மட்டும் வெச்சு இது இன்ன பொருள்னு முடிவு கட்டக் கூடாது. இது இல்லைன்னு தள்ளத்தான் அது ரொம்ப உதவும்.

[மாலை 7:40] இனியா: மெழுகுவத்தித் துண்டும் இருக்கு அத்தை. அது மிதக்குது, முங்கவே மாட்டேங்குது. விரலால அமுக்கினா விரலும் தண்ணிக்குள்ள போகுது.

[மாலை 7:41] சித்தப்பா: அக்கா, இதுக்கு அந்தத் தராசு முறையைச் சொல்லிடலாமே. ஜாடியே வேண்டாம்.

[மாலை 7:49] அத்தை: அதைத்தான் எழுதிக்கிட்டு இருந்தேன். இனியா, பொறுமையாப் படி.

டிஜிட்டல் தராசு மேல அகலமான பாத்திரம் வெச்சு, முக்கால்வாசி தண்ணி ஊத்து. டேர் பட்டனை அமுக்கி 0 ஆக்கு. இப்போ மெழுகுத் துண்டை மிதக்க விடு. தராசு காட்டுறது மெழுகோட நிறை. குறிச்சுக்கோ.

அடுத்து, ஒரு மெல்லிசு ஊசியால துண்டை மேல இருந்து அமுக்கி, அது முழுசும் தண்ணிக்குள்ள போற வரைக்கும் பிடி. பாத்திரத்தோட அடியையோ சுவரையோ தொடக் கூடாது. தராசுல எண் ஏறும். அந்த எண்ணுதான் மெழுகோட பருமன், மி.லி. கணக்குல.

[மாலை 7:50] இனியா: கிராம்ல காட்டுறது எப்படி மி.லி. ஆகும்?

[மாலை 7:56] அத்தை: தண்ணிக்குள்ள போன பொருள் எவ்வளவு தண்ணியை ஒதுக்குதோ, அவ்வளவு தண்ணியோட எடைக்குச் சமமா தண்ணி அதை மேல தள்ளும். இது ஆர்க்கிமிடிஸ் விதி. தண்ணி பொருளை மேல தள்ளினா, பொருளும் தண்ணியை அதே விசையோட கீழ தள்ளும். அந்த விசை பாத்திரம் வழியா தராசுக்கு வரும். ஒதுங்கின தண்ணி 20 கிராம்னா தராசு 20 காட்டும். 20 கிராம் தண்ணி 20 மி.லி., ஏன்னா தண்ணியோட அடர்த்தி 1.

[மாலை 7:57] சித்தப்பா: நுணுக்கமாச் சொன்னா 4 டிகிரியில கிட்டத்தட்ட 1. 30 டிகிரியில 0.996. உன் தராசு 1 கிராம் படிதான் காட்டும், அதனால இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாது.

[இரவு 8:10] இனியா: மிதக்கும்போது 18. ஊசியால அமுக்கினா 20!! 18 ÷ 20 = 0.9

[இரவு 8:11] அத்தை: பாரஃபின் மெழுகுக்கு 0.9தான் வரும். ஒரே தராசு, ஒரே பாத்திரம். மிதக்க விட்டா நிறை, முக்கினா பருமன். எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது.

[இரவு 8:15] இனியா: கல்லுக்கும் இப்படியே செஞ்சேன். ஆனா 81தான் காட்டுது. பருமன் 30தானே?

[இரவு 8:17] சித்தப்பா: கல்லு அடியில உட்கார்ந்திருக்கும். அப்போ முழு எடையையும் பாத்திரம் தாங்குது. நூல்ல தொங்கவிடு. கை ஆடும், அதனால ரெண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்க ஒரு ஸ்கேல் வெச்சு, அதுல நூலைக் கட்டு. ஸ்கேலோ புத்தகமோ தராசையும் பாத்திரத்தையும் தொடக் கூடாது. கல்லு முழுசா முங்கி, அடியில படாம நிக்கணும்.

[இரவு 8:18] சித்தப்பா: இன்னொண்ணு. சில தராசு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அணைஞ்சுடும், டேர் போயிடும். சிலது சுழிக்குப் பக்கத்துல மெதுவா ஏறுற எண்ணைத் தானே 0 ஆக்கிடும். நூலு, ஸ்கேல் எல்லாம் தயாரா வெச்சுக்கிட்டு டேர் அமுக்கு, உடனே இறக்கு. கல்லை எடுத்ததும் மறுபடி 0 வருதான்னு பாரு. வரலேன்னா அந்த அளவை விட்டுடு.

[இரவு 8:31] இனியா: 30 காட்டுது. எடுத்ததும் 0 வருது.

[இரவு 8:33] தாத்தா: ராஜாவோட தங்கக் கிரீடத்துல வெள்ளி கலந்திருக்கான்னு ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடிச்ச கதையும் இதுதானே? தொட்டி தளும்புச்சுன்னு.

[இரவு 8:41] சித்தப்பா: கதை அப்படித்தான் அப்பா. ஆனா தளும்பின தண்ணியை வெச்சுக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். கிரீடம் 1 கிலோன்னு வெச்சுப்போம். சுத்தத் தங்கம்னா (19.3) பருமன் 52 மி.லி. அதுல 300 கிராம் வெள்ளி (10.5) கலந்தா 65 மி.லி. வித்தியாசம் 13 மி.லி.தான். 20 செ.மீ. அகலப் பாத்திரத்துல மட்டம் அரை மில்லிமீட்டர்கூட மாறாது. கலிலியோ 1586ல, 22 வயசுல, தளும்பின கதை துல்லியமா இருக்காதுன்னு சொல்லி, தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு ஒண்ணை விவரிச்சு எழுதினார். தராசுல 13 கிராம் பளிச்சுன்னு தெரியும்.

[இரவு 8:44] இனியா: கடைசியா ஒண்ணு. தராசு காட்டுறது நிறையா, எடையா? புத்தகத்துல ரெண்டும் வேறன்னு இருக்கு.

[இரவு 8:49] அத்தை: தராசு உணர்றது விசையை, அதாவது எடையை. அதைப் பூமியோட ஈர்ப்புக்கு ஏத்தபடி கணக்குப் போட்டு நிறையா, கிராம்ல காட்டுது. உன் கல்லோட நிறை 81 கிராம், எடை 0.081 × 9.8, கிட்டத்தட்ட 0.79 நியூட்டன். இதே தராசை நிலாவுக்குக் கொண்டு போனா 81 கிராமுக்குப் பதிலா 13, 14தான் காட்டும். ரெண்டு தட்டுத் தராசுல எடைக்கல்லு வெச்சா அங்கயும் 81தான், ஏன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா லேசாகும்.

[இரவு 8:51] அம்மா: செங்கல் துண்டும் எடுத்து வெச்சிருக்கா அண்ணி. விடவா?

[இரவு 8:53] அத்தை: இன்னிக்கு வேண்டாம். செங்கல் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், குமிழி விடும், ஜாடியில மட்டம் இறங்கிக்கிட்டே போகும். அதுக்கு முதல்ல காய்ஞ்ச எடை பார்த்து, மேல மெல்லிசா மெழுகு பூசி அளக்கணும், அந்த மெழுகோட பருமனையும் கழிக்கணும். உப்புக்கட்டியும் அப்படித்தான், தண்ணியில கரைஞ்சுடும். அதுக்கு எண்ணெய்தான். ஆனா தராசு முறைன்னா, தராசு காட்டுற அளவை எண்ணெயோட அடர்த்தியால வகுத்தாத்தான் பருமன் வரும்.

[இரவு 9:05] இனியா: (படம்) அட்டவணை போட்டுட்டேன். கல்லு 2.7, போல்ட்டு 7.9, மெழுகு 0.9. முதல்ல வந்த 3.19ஐ அடிச்சுடவா?

[இரவு 9:07] அத்தை: அடிக்காதே. அந்த வரியை அப்படியே விட்டு, பக்கத்துல காரணம் எழுது: நனைஞ்ச கல்லு, நின்னு படிச்ச அளவு.

[இரவு 9:08] சித்தப்பா: கன மீட்டர் கணக்குல கேட்டா 1000ஆல பெருக்கு. 2.7, 2700 ஆகும். 1 கன மீட்டர்ல பத்து லட்சம் க.செ.மீ., 1 கிலோவுல 1000 கிராம், அதனாலதான் 1000.

[இரவு 9:10] அத்தை: மெழுகு வரியில அலகு விட்டுப்போச்சு, வெறும் 0.9ன்னு இருக்கு. எழுதிட்டுப் படு.