மூடிய பிறகும் சொட்டும் ஷவர்: கார்ட்ரிட்ஜைக் கழற்ற வழி?

மூன்று வாரங்களாக எங்கள் ஷவர் மூடிய பிறகும் விடிய விடியச் சொட்டுகிறது. சுவரில் பதித்த ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்). பொருத்தி ஏழு ஆண்டுகள். வருவது உப்புத் தண்ணீர்.

முதலில் ஷவர் ஹெட்டைத்தான் சந்தேகித்தேன். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, துளைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வாஷரை மாற்றினேன், மரையில் டெஃப்லான் டேப் சுற்றினேன். தண்ணீர் சீராகப் பீய்ச்சுகிறது, சொட்டு மட்டும் நிற்கவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வெறும் குழாய் முனையிலும் சொட்டுகிறது! (இதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.) ஆக, கோளாறு மிக்ஸருக்குள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜில்.

மெயின் வால்வை மூடி, கைப்பிடியையும் பித்தளை நட்டையும் எடுத்துவிட்டேன். 40 மி.மீ. செராமிக் கார்ட்ரிட்ஜ் உப்புப் படிந்து அசையவே மறுக்கிறது. இடுக்கியால் இழுத்ததில் அதன் பிளாஸ்டிக் தண்டில் விரிசல் விழுந்ததுதான் மிச்சம்.

மிக்ஸருக்குச் சேதமில்லாமல் இதை வெளியே எடுப்பது எப்படி?