சரக்கு கையாளும் டெண்டரில் தள்ளிவிட்டார்கள், வழக்குப் போடலாமா?

கேள்வி: மத்திய அரசுத் துறைமுகம் ஒன்றில் நிலக்கரி இறக்கும் வேலைக்கு டெண்டர் போட்டோம். அனுபவச் சான்றிதழின் ஒரு பக்கத்தில் முத்திரை இல்லையாம், விலை உறையைப் பிரிக்கவே இல்லை. ஜெயித்தவர்களுக்கு இதே குறையைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

பதில்: உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்துப் போடும் மனு) போடுங்கள். டெண்டர் வழக்குகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 1994 டாடா செல்லுலார் தீர்ப்புப்படி நீதிமன்றம் முடிவு சரியா என்று பார்க்காது, முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும். அவருக்கு ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயம் என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெயித்தவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

இன்னொருவர்: தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டம் மத்தியத் துறைமுகத்துக்குப் பொருந்தாது, அங்கே அலையாதீர்கள். ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஆவணம் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்; பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்குள் ஜெயித்தவர்கள் கிரேனை இறக்கி வேலையைத் தொடங்கிவிட்டால் தடை வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

கேட்டவர்: சரி, நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறேன்.