3200 ரேம் போட்டா 2400 காட்டுது, ஏன்?

கார்த்தி: மாமா, லேப்டாப்ல புதுசா 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக் போட்டாச்சு, வேகம் 3200னு போட்டிருக்கு. டாஸ்க் மேனேஜர்ல 2400னுதான் வருது. கம்ப்யூட்டர் விவரம் காட்டற சிபியூ-இசட் ஆப்ல 1197! டூப்ளிகேட்டா?

முரளி மாமா: இல்லடா. பிராசஸர் என்ன?

கார்த்தி: ஐ5 8250யூ, 1.6 ஜிகாஹெர்ட்ஸ். அதான் ரேமையும் இழுத்துப் பிடிக்குதோ?

முரளி மாமா: 1.6ங்கறது கோரோட, அதாவது பிராசஸர்ல கணக்குப் போடற பகுதியோட வேகம். டர்போல 3.4 வரை போகும், அதுக்கும் ரேமுக்கும் சம்பந்தமில்ல. ரேமை ஓட்டுறது பிராசஸருக்குள்ள இருக்கற மெமரி கன்ட்ரோலர். 8250யூவுல அதுக்கு உச்சம் 2400. நீ 3200 போட்டாலும் அங்கதான் நிக்கும்.

முரளி மாமா: சிபியூ-இசட் காட்டற 1197ஐ ரெண்டால பெருக்கு, கிட்டத்தட்ட அதே 2400 வரும். டிடிஆர்ல ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும்.

சுதா அக்கா: கோர் 2 டுயோ காலத்துல கன்ட்ரோலர் மதர்போர்டு சிப்செட்ல இருந்துச்சு. அங்கிருந்து பிராசஸருக்கு வர்ற பாதைதான் எஃப்எஸ்பி. அது 800னா நொடிக்கு 6.4 ஜிபிதான். டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு பாதைல ஓடுற டிடிஆர்2 667 ரேம் பத்து ஜிபிக்கு மேல தந்தாலும் வீண். பிராசஸர் ரேமை இழுத்துப் பிடிக்கும்ங்கற அந்தப் பேச்சுதான் இன்னும் சுத்துது 😄

கார்த்தி: பேட்டரில கோர் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குதே, அப்போ?

முரளி மாமா: கோர் இறங்கினதால ரேம் இறங்காது. ஆனா ரேம் வேகத்தை அளக்கற பெஞ்ச்மார்க்ல நம்பர் குறையும். டேட்டா கேக்கற கோரே மெதுவா கேக்குதுல்ல. சில லேப்டாப் சும்மா இருக்கறப்ப கரன்ட் மிச்சம் பிடிக்க ரேமைத் தானாவே குறைக்கும், அதனால வேலை ஓடுறப்பப் பாரு.

கார்த்தி: 3200ஐ திருப்பிக் கொடுத்துடவா?

சுதா அக்கா: வேணாம். 2400 வேகத்துல எவ்வளவு காத்திருக்கணும்ங்கற டைமிங்கும் அந்த ஸ்டிக்லயே பதிஞ்சிருக்கும். சிஎல்னா எத்தனை துடிப்பு காத்திருக்கணும்ங்கறது. 2400 சிஎல்17னா காத்திருப்பு 14.2 நானோ செகண்ட், 3200 சிஎல்22னா 13.75. இதுக்கா அலையப்போற? பக்கத்து ஸ்லாட்ல என்ன இருக்கு?

கார்த்தி: பழைய 4 ஜிபி, அதுவும் 2400.

சுதா அக்கா: அப்போ பழசுல 4, புதுசுல 4 சேர்ந்து டூயல் சேனல்ல ஓடும், புதுசுல மிச்ச 4 சிங்கிள்ல. ஒரு சேனல்னா நொடிக்கு 19.2 ஜிபி, ரெண்டுன்னா 38.4. உள்ள இருக்கற கிராபிக்ஸுக்குத்தான் இது நல்லாத் தெரியும். காசு இருந்தா அந்த 4ஐ எடுத்துட்டு இன்னொரு 8 போடு.

முரளி மாமா: போடறதுக்கு முன்னாடி உள்ள பேட்டரி கனெக்டரைக் கழட்டு. ஸ்டிக்கைச் சாய்ச்சுச் செருகி, தங்கக் கோடு வெளிய தெரியாத அளவுக்கு உள்ள தள்ளு, அப்புறம் கீழ அமுக்கு. ரெண்டு பக்கமும் கிளிப் ‘டிக்’னு விழணும்.

முரளி மாமா: முதல் தடவை ஆன் ஆகறப்ப கொஞ்ச நேரம் கருப்புத் திரையா நிக்கலாம், ரேமைப் பழக்கிட்டு இருக்கும். பதறிப்போய் பவர் பட்டனை அமுக்கிடாத.

கார்த்தி: 👍