ஒரே ஆள், நாலு எழுத்துக்கோவை: தமிழ்ப் பெயர்களைக் கணினியில் எப்படிப் பொருத்துவது?

காசிமேடு தன்னார்வலர்:
வணக்கம். காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் முகாம்களில் பெயர் பதிகிறோம். ஒவ்வொரு முகாமிலும் வேறு பிள்ளைகள் தட்டச்சு செய்கிறார்கள், காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி எல்லாம் ஒருவராகவே இருக்கலாம். ஏழுமலை ஏளுமலை ஆகிறார். போன முறை என்ன அளவு இருந்தது என்று டாக்டர் கேட்டால் பழைய பதிவு கிடைப்பதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் லெவன்ஸ்டைன் தூரம் (இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை எழுத்து மாற்றம் என்ற கணக்கு) போட்டுப் பார்த்தேன், 2 வரை சரி என்று வைத்து. சாந்தியும் சாந்தாவும் ஒன்றாகிவிட்டார்கள். லட்சுமியும் லக்ஷ்மியும் சேரவில்லை. மாத்திரை விஷயம் என்பதால் பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பெரம்பூர் நிரலர்:
தம்பி, அந்த முறை எழுத்துப் பிழைக்கானது. எத்தனை எழுத்தைச் சேர்த்தால், நீக்கினால், மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்பதை மட்டும் எண்ணும். ஒலி அதற்குத் தெரியாது. சாந்தி, சாந்தா இடையே ஒரே ஒரு குறிதான் மாறுகிறது, தூரம் 1. லட்சுமி, லக்ஷ்மிக்கு 3. 'சு' நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு சகரமும் உகரக்குறியும் என இரண்டு. ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தால் (தமிழுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு) எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொண்டால் அந்த 3 இரண்டாகும். ஆனாலும் சாந்தா சிக்கல் அப்படியே நிற்கும்.

பெயரின் ஒலியைக் குறியீடாக்கும் சவுண்டெக்ஸ் பக்கம் போகாதீர்கள். 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற முறை, ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கானது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்தை எல்லாம் தள்ளிவிடும். நமக்கோ முதல் எழுத்தே மாறுகிறது (ராஜேந்திரன், இராசேந்திரன்), ஆளைப் பிரித்துக் காட்டுவது கடைசி உயிர்தான்.

தண்டையார்பேட்டை அக்கா:
அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இரண்டு விதமாக அடித்த எழுத்தை ஒரே விதமாக்குவது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதெல்லாம் கோப்பில் ஒன்றல்ல. கௌரி என்பதை நிறையப் பேர் க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று அடிக்கிறார்கள்: கெளரி. உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு சீராக்கம் (ஒரே எழுத்தைக் கணினி சேமிக்கும் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. 'ஸ்ரீ'யும் அப்படித்தான், ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 'ஶ' என்ற எழுத்தில் தொடங்குவது ஒன்று. கொ, கோ இரண்டு குறியாகப் பிரிந்து கிடந்தால் மட்டும் சீராக்கமே சேர்த்துவிடும். முதலெழுத்தை (மு. ஏழுமலையில் வரும் 'மு') தனிப் பத்தியில் எடுத்து வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். பின்னால் சரிபார்க்க அதுதான் உதவும்.

பெரம்பூர் நிரலர்:
அக்கா சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் ஒலிச்சாவி ஒன்று உண்டாக்குங்கள், அதாவது ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே எழுத்து வடிவம். ழ, ள இரண்டும் ல. ண, ந இரண்டும் ன. ஜ, ஷ, ஸ மூன்றும் ச. ஹ என்றால் க. பெயரின் தொடக்கத்தில் ரகர லகரத்துக்கு முன்னால் வரும் இகரத்தை எடுத்துவிடுங்கள். நடுவில் வரும் உகரக்குறியைப் புள்ளியாக்குங்கள்.

வரிசை ரொம்ப முக்கியம். க்ஷ என்பதை ட்ச ஆக்கிய பிறகே ஷகரத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் மூன்று லட்சுமியும் 'லட்ச்மி' என்ற ஒரே சாவிக்கு வருவார்கள். அதேபோல ற்ற முதலில் த்த ஆக வேண்டும், மிச்சமுள்ள ற அப்புறம் ர. மாற்றிச் செய்தால் வெற்றிவேலும், நம்ம பிள்ளைகள் காதால் எழுதிய வெத்திவேலும் சேரவே மாட்டார்கள். எ, ஏ சேர்க்கலாம், ஒ, ஓ சேர்க்கலாம். அ, ஆ வேண்டாம், ரமாவும் ராமாவும் கலந்துவிடும். லெச்சுமி மாதிரி எந்த விதிக்கும் அடங்காததைச் சின்னப் பட்டியலாகக் கையால் எழுதிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சாவியில் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடுவார்கள். இரண்டுமே நிஜப் பெயர்கள். சாவி பொருந்தினால் 'இவராக இருக்கலாம்' என்று மட்டும் காட்டட்டும். வயது, தெரு, முதலெழுத்து, போன் எண்ணின் கடைசி இலக்கங்கள் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். அதற்கு மேல் நேரில் கேட்டே பதிவுகளைச் சேர்த்துவையுங்கள். ஒருத்தருடைய இன்சுலின் அளவு இன்னொருத்தர் சீட்டில் ஏறக் கூடாது.

காசிமேடு தன்னார்வலர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. லட்சுமிகள் சேர்ந்துவிட்டார்கள், சாந்தியும் சாந்தாவும் பிரிந்துவிட்டார்கள். தெருப் பெயருக்கும் இதே சாவி போதுமா? வண்ணாரப்பேட்டையைச் சிலர் வாஷர்மேன்பேட்டை என்றே எழுதியிருக்கிறார்கள்.

பெரம்பூர் நிரலர்:
வண்ணாரபேட்டை, வண்ணாரப்பேட்டை இரண்டையும் சேர்க்க, இரட்டித்த மெய்யை ஒன்றாக்கும் விதி ஒன்று கூடப் போடுங்கள், தெருவுக்கு மட்டும். வாஷர்மேன்பேட்டை ஒலியால் வராது, அது வேறு பெயர். இடப்பெயர் கொஞ்சம்தானே, கைப்பட்டியலே போதும். சாவியைத் தனிப் பத்தியில் வையுங்கள். அவர்கள் சொன்ன பெயர் எழுதியபடியே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம்.