தூரத்து எஃப்எம் நிலையத்தைப் பிடிக்க வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, நேற்று விடியற்காலை என் கையடக்க ரேடியோவில் 102.3-ல் இதுவரை கேட்டிராத ஒரு குரல், பத்து நிமிடம் பளிச்சென்று வந்தது. வெயில் ஏறியதும் இரைச்சலில் கரைந்துவிட்டது. குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று படிந்தால் எஃப்எம் அலைகள் வளைந்து வெகுதூரம் போகும் என்பது தெரியும். மறுபடி அந்தக் குரலைக் கேட்டே ஆகவேண்டும்!

ஆன்டெனாவை கால் அலைநீளத்துக்கு, சுமார் 75 செ.மீ. நீட்டி, நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்தேன். ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் நன்றாகவே குறைகிறது. தொல்லை என்னவென்றால், 102.5-ல் இருக்கும் உள்ளூர் நிலையம் வந்து அமுக்கிவிடுகிறது. நீளமான ஒயர் கட்டினால் அதுவும் சேர்ந்து ஓங்கிவிடுமோ என்று பயம். ஒரு திசையிலிருந்து வரும் அலைகளை மட்டும் நன்றாகப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் இரண்டும் பிரியுமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.